தாழ்மையும் தாழ்த்தப்படுதலும்

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹிப்போ நகரின் பேராயராயிருந்த அகஸ்தீன், டயோஸ்கோரஸ் என்னும் இளைஞர் ஒருவருக்கு நீண்டதொரு மடல் எழுதினார். உண்மையை அடைவதற்கான வழி எதுவென்று கேட்டால் முதலாவது தாழ்மை, இரண்டாவது தாழ்மை, மூன்றாவதும் தாழ்மையே; எத்தனை முறை கேட்டாலும் தாம் இதையே சொல்வதாக அம்மடலில் அவர் குறிப்பிடுகிறார். கால்வின் தம் ‘இன்ஸ்டிட்யூட்ஸ்’ நூலின் இரண்டாம் பகுதியில் இதனை ஒப்புதலோடு எடுத்தாண்டிருப்பதால் நம் மரபினருக்கும் இது பழக்கமான கூற்றே. ஞாயிறு அருளுரைகளில் இது அடிக்கடி வந்து போகிறது.

ஆனால் இம்மடல் யாருக்கு எழுதப்பட்டது என்பதை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. டயோஸ்கோரஸ் கல்வி கற்றவர்; பயணம் புறப்படவிருந்தவர். சிசெரோவின் நூல்கள் பற்றிப் பல வினாக்களைத் தொகுத்து அனுப்பி விரைவில் விடை தரும்படி அகஸ்தீனை நெருக்கினார். காரணம், செல்லுமிடத்தில் எவரேனும் கேட்டு, தாம் விடை சொல்ல இயலாமற்போனால், தம்மைக் கல்லாதவர் என்று எண்ணிவிடுவார்களே என்னும் அச்சம். இத்தகையவருக்குத்தான் அகஸ்தீன் ‘தாழ்மை’ என்று மும்முறை சொன்னார். மருந்து நோயாளியைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது. அம்மருந்தை எல்லார்க்கும் ஒரே அளவில் ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் நம் பிரசங்க பீடங்களில் வேரூன்றியிருக்கிறது. அதனை மறுபடியும் எண்ணிப் பார்ப்பது நலம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு சொற்கள்

தமிழில் ‘தாழ்’ என்னும் வேரிலிருந்து வரும் சொற்கள் பல. கிரேக்கப் புதிய ஏற்பாட்டிலும் ‘டபெய்னோஸ்’ என்னும் அடியிலிருந்து ஒரு சொற்குடும்பம் உண்டு. அவற்றுள் இரண்டு பெயர்ச்சொற்களைப் பிரித்தறிவது நமக்கு இன்றியமையாதது. ஒன்று ‘டபெய்னொஃப்ரொசுனே’. இது மனப்பாங்கைக் குறிப்பது. புதிய ஏற்பாட்டில் ஏழு இடங்களில் வருகிறது (அப். 20:19, எபே. 4:2, பிலி. 2:3, கொலோ. 2:18, 23, 3:12, 1 பேதுரு 5:5). மற்றொன்று ‘டபெய்னோசிஸ்’. இது ஒருவர் இருக்கும் தாழ்ந்த நிலையை, அல்லது தாழ்த்தப்பட்ட நிலையைக் குறிப்பது. இது நான்கே இடங்களில் வருகிறது (லூக். 1:48, அப். 8:33, பிலி. 3:21, யாக். 1:10). முன்னது ஒருவர் மனமுவந்து மேற்கொள்வது. பின்னது பெரும்பாலும் ஒருவர்மேல் சுமத்தப்படுவது.

இவ்வேறுபாட்டை வலியுறுத்தியவர்களுள் லுத்தர் குறிப்பிடத்தக்கவர். 1521-ஆம் ஆண்டில் முடித்த மரியாளின் பாடல் விளக்கவுரையில், ஆண்டவர் நோக்கிப் பார்த்தது மரியாளின் தாழ்மை என்னும் நற்பண்பை அன்று, அவளுடைய எளிய, பிறரால் மதிக்கப்படாத நிலையையே என்று அவர் வாதிடுகிறார். இலத்தீன் மொழிபெயர்ப்பின் ‘ஹுமிலிதாஸ்’ என்னும் சொல்லைப் பண்பாகக் கொண்டு, மரியாள் தன் தாழ்மையைப் பற்றியே மேன்மை பாராட்டினாள் என்று பொருள் சொல்வது எத்துணை முரண்! தன் தாழ்மையை எடுத்துச் சொல்பவரிடம் அது ஏற்கெனவே இல்லை. லுத்தர் இதனை நகைச்சுவையின்றிச் சொல்லக்கூடியவர் அல்லர்.

மொழியாராய்ச்சியும் லுத்தர் பக்கமே நிற்கிறது. கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் இதே சொல் ஆகாருக்கும் (ஆதி. 16:11), லேயாளுக்கும் (ஆதி. 29:32), அன்னாளுக்கும் (1 சாமு. 1:11) வழங்குகிறது. வீட்டைவிட்டு ஓடிய அடிமைப்பெண். கணவனால் விரும்பப்படாத மனைவி. பிள்ளையில்லாமையால் சக்களத்தியின் ஏளனத்துக்கு ஆளானவள். இம்மூவரிடமும் ஆண்டவர் ஒரு நற்பண்பைக் கண்டு மெச்சவில்லை. ஒரு சிறுமையைக் கண்டு இரங்கினார். மரியாள் இவர்களது வரிசையில் வந்து நிற்கிறாள்.

அப்போஸ்தலர் நடபடிகள் 8:33 இதனினும் கூர்மையானது. ஏசாயாவின் ஊழியன் பாடலிலிருந்து எத்தியோப்பிய மந்திரி வாசித்த பகுதி அது. ‘டபெய்னோசிஸ்’ நிலையில் இருந்த அவருக்கு நியாயம் மறுக்கப்பட்டது என்பது அதன் கருத்து. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதனை அவர் தம்மையே தாழ்த்திக்கொண்ட செயலாக ஆக்கிவிடுகிறது. பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தின் நினைவு மொழிபெயர்ப்பாளர் மனத்தில் இருந்திருக்கலாம். ஆனால் மூலத்தில் அது பெயர்ச்சொல். பிறர் அவரைத் தள்ளிவைத்த நிலை. நீதி கிடைக்காத நிலையைத் திருமறை தாழ்மை என்னும் புண்ணியமாகக் கணக்கிடவில்லை. அதே பழைய மொழிபெயர்ப்பு லூக்கா 1:48-இல் ‘தாழ்மை’ என்றும் பிலிப்பியர் 2:3-இல் ‘மனத்தாழ்மை’ என்றும் வேறுபடுத்தியிருப்பதையும் பாராட்டாமல் விடலாகாது. வேறுபாட்டை மறந்தது மொழிபெயர்ப்பைவிட நம் அருளுரைகளே.

இடையில் ஒரு சொல். கிரேக்கர் இச்சொற்களை இழிபொருளில் மட்டுமே வழங்கினர், கிறிஸ்தவமே அவற்றுக்கு நற்பொருள் தந்தது என்று விளக்க நூல்கள் பலவும் எழுதும். பெரும்பாலும் அது உண்மையே. எபிக்டீட்டஸ் ‘டபெய்னொஃப்ரொசுனே’யை முகஸ்துதியோடு ஒருங்கு வைத்துப் பேசுகிறார், அடிமைப் புத்தி என்பதே அவர் கருத்து. ஆயினும் பிளேட்டோ தம் ‘சட்டங்கள்’ நூலின் நான்காம் பகுதியில், இறைவனின் நீதியைப் பற்றிக்கொண்டு பின்செல்பவன் ‘டபெய்னோஸ்’ ஆகவும் ஒழுங்குடையவனாகவும் செல்வான் என்கிறார். பிறர் இருட்டை மிகைப்படுத்திக் காட்டினால்தான் நம் விளக்கு ஒளிரும் என்று நாம் எண்ண வேண்டியதில்லை.

பிலிப்பி பட்டணம்

தாழ்மை பற்றிய எல்லா அருளுரைகளும் இறுதியில் வந்து சேரும் இடம் பிலிப்பியர் 2:5-11. இப்பகுதி பவுலடிகளுக்கு முன்பே சபையில் வழங்கிய பாடல் என்று 1928-இல் லோமையர் எடுத்துரைத்தது முதல், ஆராய்ச்சிகள் பெருகிவிட்டன. கிறிஸ்து பின்பற்றத்தக்க எடுத்துக்காட்டாக இங்கே வைக்கப்படவில்லை, மீட்பின் நிகழ்ச்சியே அறிவிக்கப்படுகிறது என்று 1950-இல் கேஸமன் வாதிட்டதும் மாணவர் அறிந்ததே. அவ்விவாதத்துக்குள் நாம் இப்போது புகத் தேவையில்லை. ஐந்தாம் வசனத்தை எப்படி மொழிபெயர்த்தாலும், பவுலடிகள் இதனைச் சபையின் வாழ்வோடு இணைத்தே எழுதுகிறார் என்பது தெளிவு.

கவனிக்க வேண்டியது அச்சபை இருந்த ஊர். கி.மு. 42-இல் பிலிப்பியில் நடந்த போருக்குப் பின் ஓய்வுபெற்ற உரோமப் போர்வீரர்களுக்கு அங்கே நிலம் வழங்கப்பட்டது. பின்னர் மேலும் பலர் குடியமர்த்தப்பட்டனர். அது மக்கெதோனியாவில் அமைந்த உரோமக் குடியேற்றம். அங்கே கிடைத்துள்ள கல்வெட்டுகளில், ஒருவர் வகித்த பதவிகள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். இந்தப் பதவி, அதன்பின் அந்தப் பதவி, அதற்குமேல் இன்ன சிறப்பு என ஏறிச் செல்லும் வரிசை அது. அத்தகைய ஊரில் இருந்தோருக்கு, தேவனுடைய ரூபம், அடிமையின் ரூபம், மரணம், அதிலும் சிலுவை மரணம் என்று இறங்கிச் செல்லும் ஒரு வரிசையைப் பவுலடிகள் வாசிக்கச் செய்கிறார். சிலுவை அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரிய தண்டனை. உரோமக் குடிமகன் அச்சொல்லைக் கேட்கவும் கூசுவான். மடல் உரத்து வாசிக்கப்பட்டபோது அங்கே அமர்ந்திருந்தோர் எப்படி நெளிந்திருப்பர் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆறாம் வசனத்தின் ‘ஹர்பக்மோஸ்’ என்னும் சொல் நெடுங்காலம் புதிராயிருந்தது. 1971-இல் ராய் ஹூவர், இச்சொல் அமைந்த தொடர் ஒரு மரபுத்தொடர் என்றும், கையிலிருக்கும் ஒன்றைத் தன் நலத்துக்குப் பயன்படுத்திக்கொள்வதை அது குறிக்கும் என்றும் காட்டினார். இதன்படி கிறிஸ்து இல்லாத ஒன்றைப் பறிக்காமல் விட்டவர் அல்லர்; இருந்த ஒன்றைத் தமக்கென்று பயன்படுத்தாதவர். மேலும் அவ்வசனத்தின் எச்சவினையைத் ‘தேவனுடைய ரூபமாயிருந்தும்’ என்று கொள்ளாமல், ‘தேவனுடைய ரூபமாயிருந்தபடியால்’ என்று கொள்ள இடமுண்டு என மூல் போன்ற அறிஞர் கருதினர். அவ்வாறாயின் தாழ்மை என்பது கடவுள்தன்மைக்கு மாறான ஒன்றன்று. அதுவே கடவுள்தன்மையின் வெளிப்பாடு. இவ்வாசிப்பையே நான் ஏற்கிறேன். யோவான் 13-ஆம் அதிகாரமும் இதற்குத் துணை நிற்கிறது: பிதா யாவற்றையும் தம் கையில் ஒப்படைத்தார் என்பதை அறிந்தவராய் அவர் எழுந்தார், துண்டைக் கட்டிக்கொண்டார். அறியாமையாலோ அச்சத்தாலோ அவர் குனியவில்லை.

இனி எட்டாம் வசனத்தின் வினையைத் தமிழிலக்கணக் கண்ணோடு பார்ப்போம். ‘தாழ்ந்தார்’ என்பது தன்வினை. ‘தாழ்த்தினார்’ என்பது பிறவினை. ‘தாழ்த்தப்பட்டார்’ என்பது செயப்பாட்டுவினை. பவுலடிகள் இங்கே கையாள்வது இரண்டாவது. ஆனால் செயப்படுபொருள் பிறரல்லர், அவரே. தாழ்த்துபவரும் தாழ்த்தப்படுவதும் ஒருவரே. வேறெவரையும் தாழ்த்தும் உரிமையை இவ்வசனம் யாருக்கும் தரவில்லை. ஒன்பதாம் வசனத்தில் எழுவாய் மாறுகிறது: உயர்த்துபவர் பிதா. ஆக, தன்னைத் தாழ்த்துவது என் வேலை. உயர்த்துவது இறைவனின் வேலை. அடுத்தவனைத் தாழ்த்துவது இவ்விரண்டிலும் சேராதது.

இதே பிலிப்பி பட்டணத்தில் பவுலடிகள் என்ன செய்தார் என்பதையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். விசாரணையின்றி ஆடை களையப்பட்டு, கோலால் அடிக்கப்பட்டு, தொழுமரத்தில் மாட்டப்பட்டவர் அவர். மறுநாள் காலையில் அதிகாரிகள் சேவகரை அனுப்பி, சந்தடியின்றிப் போய்விடும்படி சொன்னபோது அவர் போக மறுத்தார். வெளியரங்கமாய் அடித்தவர்கள் இரகசியமாய் அனுப்பிவிடலாமோ, அவர்களே வந்து அழைத்துக்கொண்டு போகட்டும் என்பதே அவர் விடுத்த மறுமொழியின் சாரம் (அப். 16:37). அதிகாரிகள் வந்தார்கள், வேண்டிக்கொண்டார்கள். தாழ்மையைப் போதித்தவர் இங்கே தாழ்மையை மறந்தாரா? சில விளக்கவுரையாளர் இவ்விடத்தில் சற்றுத் தயங்குவதுண்டு. அத்தயக்கம் தேவையற்றது. அடி விழுவதற்கு முன்பே குடியுரிமையைச் சொல்லித் தப்பியிருக்க அவருக்கு வாய்ப்பிருந்ததோ இல்லையோ, அடிபட்ட பின்னர் அதைச் சொன்னதில் அவருக்கென்று கிடைத்தது சிறிதே. லீதியாளும் சிறைச்சாலைக்காரனும் அந்த ஊரிலேயே வாழவேண்டியவர்கள். குற்றவாளிகளின் கூட்டத்தைச் சேர்ந்தோர் என்னும் பழி அவர்கள்மேல் தங்கிவிடக்கூடாது என்று பவுலடிகள் கருதினார் என்றே எனக்குத் தோன்றுகிறது. தம் உரிமையைத் தமக்கென்று பயன்படுத்தாமல் பிறர்க்கென்று பயன்படுத்துவது ‘ஹர்பக்மோஸ்’ பற்றிய வசனத்துக்கு ஏற்ற விளக்கமன்றோ!

யாருக்கு எது

யாக்கோபின் நிருபம் இதனை மறைவின்றிச் சொல்கிறது. தாழ்ந்த சகோதரன் தன் உயர்வைக் குறித்தும், செல்வன் தன் தாழ்வைக் குறித்தும் மேன்மை பாராட்ட வேண்டும் (யாக். 1:9-10). ஒரே சபை, ஒரே நற்செய்தி. ஆயினும் இருவர் காதிலும் விழ வேண்டிய சொல் வெவ்வேறு. தமிழ் வாசகருக்கு இது அயலான சிந்தனை அன்று. வள்ளுவர் மானம் பற்றிய அதிகாரத்தில், வளம் பெருகியபோது வணக்கமும், அது குன்றியபோது நிமிர்வும் வேண்டும் என்னும் கருத்தை வைத்திருக்கிறார். வேறுபாடும் உண்டு: வள்ளுவர் நிமிர்வை மானத்தின் மேல் நிறுத்துகிறார், யாக்கோபு அதனைக் கிறிஸ்துவுக்குள் கிடைத்த நிலையின்மேல் நிறுத்துகிறார். எனினும், தாழ்ந்தவனிடம் போய்த் தாழ்மையைப் போதிப்பது அறமன்று என்பதில் இருவரும் உடன்படுவர்.

நம் திருச்சபையின் வரலாறு இங்கே நம்மை உறுத்துகிறது. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு முற்றிலும் நீங்கவேண்டும் என்று சுற்றுமடல் விடுத்தபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் அதனை ஏற்காது விலகி நின்றனர். பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தைத் தமிழில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வாசித்து வந்த சபைகள் அவை. ஒரே பாத்திரத்தில் பருகக் குனிவது, மனப்பாடமாயிருந்த வசனத்தைவிடக் கடினமாயிருந்தது. தாழ்மை பற்றிய போதனையோ தடையின்றி நடந்துகொண்டேயிருந்தது. அதனைக் கேட்டுத் தலைகவிழ்ந்தவர்கள் எவ்விருக்கையில் அமர்ந்திருந்தோர் என்பதுதான் கேள்வி. தனித்தனிக் கல்லறைத் தோட்டங்கள் சில இடங்களில் இன்றும் இருக்கையில் இக்கேள்வியைப் பழங்கதை என்று ஒதுக்க இயலாது. 1981-இல் அரவிந்த் நிர்மல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் ஆற்றிய உரையும், அதன்பின் எழுந்த தலித் இறையியலும் இக்கேள்வியைப் பீடத்தின்முன் கொண்டுவந்து வைத்தன. அதற்கும் முன்பே, 1960-இல் வேலரி செய்விங் என்னும் அமெரிக்கப் பெண் இறையியலாளர், பெருமையே பாவத்தின் வேர் என்று ஆண்கள் எழுதிவைத்தது பெண்களின் நிலைக்குப் பொருந்துமா என்று வினவினார். தன்னையே இல்லாமலாக்கிக்கொள்வதும் பாவத்தின் ஒரு வடிவம் என்பது அவர் கருத்து. குடும்பத்தில் அடிபடும் பெண்ணிடம் ‘இன்னும் கொஞ்சம் தாழ்மையாயிரு, அம்மா’ என்று சொல்லி அனுப்பும் ஆயர், செய்விங்கைப் படிக்காவிட்டாலும் ஆகாரையாவது படித்திருக்க வேண்டும்.

குனிவதிலும் இருவகை உண்டு. 1910-இல் எடின்பரோ மாநாட்டில் திருநெல்வேலி நாட்டவரான வே. ச. அசரியா, மிஷனெரிகளின் தியாகங்களை நன்றியோடு எடுத்துரைத்தபின், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அவையில் பலருக்கு அது கசந்தது. உடைமைகளைக் கொடுத்தவர்கள், உடலையும் கொடுத்தவர்கள் அவர்கள். இன்னும் என்ன வேண்டும்? அசரியா கேட்டது கொடையை அன்று. ஒரே மேசையில் சமமாய் அமர்தலை. கீழிறங்கி வந்து உதவிசெய்து மீண்டும் மேலேறிப் போவதில் ஒருவகை இன்பம் இருக்கிறது. உயரம் அதனால் குறைவதில்லை. இறங்கி வந்த இடத்திலேயே தங்கிவிடுவது வேறு. இதனைச் சொல்லும் துணிவு அசரியாவிடம் இருந்ததே, அதனைத் தாழ்மைக் குறைவு என்பதா? என் கணிப்பில் அன்று அம்மண்டபத்தில் தாழ்மைக்கு மிக அருகில் நின்றவர் அவரே.

கொலோசெயர் நிருபம் மற்றோர் எச்சரிக்கை தருகிறது. பிலிப்பியரில் புகழப்படும் அதே ‘டபெய்னொஃப்ரொசுனே’ கொலோசெயர் 2:18, 23 வசனங்களில் கண்டிக்கப்படுகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 23-ஆம் வசனத்தில் ‘மாயமான’ என்று ஓர் அடைமொழியைச் சேர்த்து வாசகருக்கு உதவுகிறது. கிரேக்கத்தில் அவ்வடை இல்லை. சொல் ஒன்றே, வெளித்தோற்றமும் ஒன்றே. தலையாகிய கிறிஸ்துவைப் பற்றிக்கொண்டிருக்கிறதா என்பதே வேறுபாடு (2:19). ‘அடியேன்’ என்று தொடங்கும் நம் மடல்கள் எத்தனை நாற்காலிக்காக எழுதப்படுகின்றன என்று திருமண்டலத் தேர்தல் ஆண்டுகளில் எண்ணிப் பார்க்கலாம்.

மாணவருக்கு ஒரு குறிப்பு. தாழ்மையின் தன்மை, தாழ்மையின் தேவை, தாழ்மையின் பலன் என்று மூன்றாகப் பகுத்து எழுதப்படும் அருளுரைகளை வகுப்பில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். நான்காவதாக ‘யாருடைய தாழ்மை’ என்று ஒரு வரி சேர்த்தால் முதல் மூன்றும் மாறிவிடும். மீகா 6:8 வசனத்திலும் நியாயம் முதலில், இரக்கம் அடுத்து, அதன்பின்னரே தன் தேவனோடு நடத்தல். அங்கே வரும் எபிரெய வினை பழைய ஏற்பாட்டில் வேறெங்கும் இல்லை. அதன் பெயரடை நீதிமொழிகள் 11:2-இல் மட்டுமே உண்டு. ஆரவாரமின்றி, கவனத்தோடு நடத்தல் என்பது அதன் சாயல். நியாயம் செய்யாதவர் அவ்வாறு மெல்ல நடந்து எங்கும் போய்ச் சேர்வதில்லை.

மாற்கு காட்டும் வழி

பின்பற்றுதலையும் தாழ்மையையும் மாற்குவைப்போல் இணைத்துக் காட்டியவர் இல்லை. 8-ஆம் அதிகாரம் முதல் 10-ஆம் அதிகாரம் வரை ஆண்டவர் தம் பாடுகளை மும்முறை முன்னறிவிக்கிறார். மும்முறையும் சீடர் தவறாகவே விளங்கிக்கொள்கின்றனர். முதல்முறை பேதுரு கடிந்துகொள்கிறார். இரண்டாம் முறை, யார் பெரியவன் என்று வழியில் தர்க்கம் நடக்கிறது. மூன்றாம் முறை, செபெதேயுவின் புதல்வர் இருவர் வலப்பக்கமும் இடப்பக்கமும் கேட்டு வருகின்றனர். ‘வழியில்’ என்னும் சொல்லை மாற்கு இப்பகுதியில் திரும்பத் திரும்ப வைப்பது தற்செயலன்று. இது எருசலேமுக்கு ஏறும் வழி, சிலுவைக்கு இறங்கும் வழி.

யாக்கோபையும் யோவானையும் நோக்கி ஆண்டவர் கேட்ட கேள்வி: அவர்களுக்காகத் தாம் என்ன செய்ய வேண்டும் என்பது (10:36). அவர்கள் இருக்கை கேட்டார்கள். பெரியவனாயிருக்க விரும்புகிறவன் பணிவிடைக்காரனாகவும், முதல்வனாயிருக்க விரும்புகிறவன் அனைவருக்கும் அடிமையாகவும் இருக்கக்கடவன் என்னும் கருத்து அப்போது பிறந்தது. இருக்கை கேட்டவர்களுக்கும், அதைக் கேட்டு எரிச்சலடைந்த பதின்மருக்கும் அது சொல்லப்பட்டது.

அடுத்த காட்சி எரிகோவுக்கு வெளியே. வழியோரம் அமர்ந்திருக்கிறான் குருடனாகிய பர்திமேயு. அவன் கூப்பிடத் தொடங்கியதும் பேசாதிருக்கும்படி அநேகர் அவனை அதட்டுகிறார்கள். தாழ்ந்தோருக்கு உரியது மௌனமே என்று அக்கூட்டத்தார் எண்ணினர் போலும். அவனோ முன்னிலும் அதிகமாய்க் கூப்பிடுகிறான். ஆண்டவர் நிற்கிறார், அவனை அழைத்துவரச் சொல்கிறார். அவனிடமும் அதே கேள்வியையே கேட்கிறார் (10:51). அடிமையாயிரு என்று அவனிடம் சொல்லப்படவில்லை. அடக்கமாய்ப் பேசு என்றும் சொல்லப்படவில்லை. தனக்கு இருந்த ஒரே உடைமையாகிய மேலாடையையும் எறிந்துவிட்டுக் குதித்தெழுந்து வந்தவன் பார்வை பெற்றான்; பார்வை பெற்றவன் வழியில் அவருக்குப் பின்சென்றான் என்று மாற்கு எழுதுகிறார்.